பங்சாரைச் சுற்றிய திடல்கள்: கோலாலம்பூர்த் தமிழரின் விளையாட்டு மரபும் அதைக் காக்கும் வழியும்

1997 ஏப்ரல் 13. பங்சாரை அடுத்த பந்தாய்ப் பகுதியில், மின்சார வாரிய ஊழியர்களின் கிலாட் கிளப் திடலில் ஐசிசி கிண்ண இறுதியாட்டம் இரண்டாம் நாளாக நடந்தது. முதல் நாள் கென்யா 50 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 241 ஓட்டம் எடுத்திருந்தது. அதில் 147 ஓட்டம் ஸ்டீவ் டிக்கோலோ ஒருவருடையது. மழை குறுக்கிட்டதால் வங்காளதேசத்துக்கு 25 ஓவரில் 166 என்று இலக்கைத் திருத்தினார்கள். ஆட்டம் கடைசிப் பந்துவரை போனது. ஒரே ஓட்டம் தேவை. ஹசிபுல் ஹுசைனின் காலில் பட்டு விலகிய பந்தில் இருவரும் ஓடி முடித்தார்கள். இரண்டு விக்கெட்டில் வங்காளதேசம் வென்றது. வானொலியில் காதை வைத்துக் காத்திருந்த டாக்கா நகரம் தெருவில் இறங்கி வண்ணம் தூவிக் கொண்டாடியது.

அரையிறுதியில் அந்த அணி ஸ்காட்லாந்தை வென்றதும் இதே திடலில்தான். அந்த வெற்றிதான் 1999 உலகக் கிண்ணத்துக்கு வங்காளதேசத்தை முதன்முறையாகக் கொண்டுசென்றது. 2000ஆம் ஆண்டில் அதற்கு டெஸ்ட் தகுதியும் கிடைத்தது. வங்காளதேசத்தின் கிரிக்கெட் வரலாற்றை எழுதும் எவரும் பந்தாய்த் திடலைத் தாண்டிப் போக முடியாது. நம் நகரத்தின் வரலாற்றில் அந்தத் திடலுக்கு இடம் எங்கே? பங்சாரில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே அப்படி ஓர் ஆட்டம் நடந்ததே அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கக் கூடும்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல முடியாது. கோலாலம்பூரின் விளையாட்டு மரபு என்றதும் நம் கண்முன் வருபவை மெர்டேகா அரங்கமும் புக்கிட் ஜாலிலும் பதக்கப் பட்டியலும்தான். ஆனால் இந்நகரத் தமிழர்கள் ஆடப் பழகியது வேலையிடத்தை ஒட்டிய சிறு திடல்களில். ரயில்வே, மின்சாரம், பொதுப்பணி, தோட்டம் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குடியிருப்பு இருந்தது. குடியிருப்பின் ஓரத்தில் ஒரு திடல் இருந்தது. வேலை மாறிக் குடியிருப்பும் கலைந்தபோது திடல் போனது. அங்கே ஆடியவர்களைப் பற்றிய நினைவும் கூடவே போயிற்று. இந்த இழப்பு எப்படி நேர்ந்தது, எஞ்சியதை எப்படிக் காப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேலைக்குப் பின் திடல்

இன்றைய பங்சார் என்றால் உணவகங்களும் எட்டாத வீட்டு விலையும். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே ரப்பர் மரங்கள் நின்றன. 1920களின் இறுதியில் பங்சாரில் மின்நிலையம் வந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியம் உருவாகி, 1965இல் எல்.எல்.என். எனப்படும் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. அதன் தலைமையகம் இன்றும் ஜாலான் பங்சாரில்தான் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ். அங்கே ரயில்வேயின் பண்டகசாலைகளும் ஊழியர் குடியிருப்புகளும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள், நிலக்கரி அள்ளினார்கள், மின்கம்பம் நட்டார்கள். பங்சார் நாகேஸ்வரி அம்மன் ஆலயமும் பங்சார் தமிழ்ப்பள்ளியும் அந்தப் பழைய மக்கள் இங்கே இருந்ததற்குச் சாட்சிகள்.

முதலாளியும் அரசு இலாகாவும் திடல் அமைத்துக் கொடுத்தது வெறும் கருணையால் அன்று. ஊழியர்கள் குடியிருப்பிலேயே தங்க வேண்டும், மாலையில் குடிக்கும் சண்டைக்கும் போகாமல் இருக்க வேண்டும், இலாகாவுக்கு இலாகா போட்டி நடந்தால் பற்று வளரும் என்று பல கணக்குகள். நல்ல ஆட்டக்காரன் என்று பேர் எடுத்தவனுக்கு வேலையும் கிடைத்தது. காலையில் அலுவலகம், ஐந்து மணிக்கு மேல் பயிற்சி, சனி ஞாயிறுகளில் லீக் ஆட்டம். மலேசியக் காற்பந்து 1989இல் பாதித் தொழில்முறைக்கும் 1994இல் முழுத் தொழில்முறைக்கும் மாறும்வரை, நாட்டுக்காக ஆடியவர்களில் பலர் இப்படி ஏதோ ஓர் இலாகாவிலோ வங்கியிலோ படையிலோ சம்பளம் வாங்கியவர்கள்தான். அதன் பிறகு ஆட்டம் ஒரு தனித் தொழிலானது. இலாகா அணிகள் தேய்ந்தன. அலுவலகங்கள் வேலைகளைக் குத்தகைக்கு விட்டன. குத்தகைத் தொழிலாளிக்குக் குடியிருப்பும் இல்லை, கிளப்பும் இல்லை. திடல் நிர்வாகத்தின் கண்ணில் காலிமனை ஆனது.

1914இல் தொடங்கிய சங்கம்

வேலையிடத் திடல்களுக்கு வெளியே, தமிழர்கள் தங்கள் பெயரிலேயே எழுப்பிய விளையாட்டு அமைப்பு ஒன்று உண்டு. தமிழியன்ஸ் பிசிகல் கல்ச்சர் அசோசியேஷன், சுருக்கமாக டிபிசிஏ, 1914இல் கோலாலம்பூரில் தோன்றியது. அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அதை நிறுவினார்கள். ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸ் சாலையோரத்தில், கம்போங் பாருவை ஒட்டி, டிபிசிஏ அரங்கம் இருக்கிறது. நூறாண்டைக் கடந்த தமிழ் விளையாட்டுச் சங்கங்கள் உலகில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

அவர்களுக்கு இந்தப் பழக்கம் ஊரிலிருந்தே வந்தது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டம் 1904இல் தொடங்கியது. ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று அழைக்கப்படும் அந்த ஆட்டம், போரால் இடையிடையே தடைபட்டும், இன்றுவரை நடக்கிறது. அந்தப் பள்ளிகளில் ஆங்கிலமும் கிரிக்கெட்டும் கற்றவர்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது மட்டையையும் கூடவே கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் வெள்ளையர்களின் சிலாங்கூர் கிளப் 1884 முதலே இருந்தது. அதன் கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. எனவே தங்களுக்கென ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். அன்றைய கோலாலம்பூரில் ஒவ்வொரு சமூகமும் இப்படித்தான் செய்தது. பக்கத்தில் கம்போங் பாருவில் மலாய்க்காரர்களுக்குச் சுல்தான் சுலைமான் கிளப். சீனர்களுக்குச் சின் வூ. 1953இல் கட்டிய அரங்கம் இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது.

இந்தக் கிளப்புகளை வெறும் ஆட்டக்களங்களாகப் பார்ப்பது தவறு. 1946 மார்ச்சில் மலாய்க் காங்கிரஸ் கூடி அம்னோவுக்கு வித்திட்டது சுல்தான் சுலைமான் கிளப்பில்தான். கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் தேர்தல் வைக்கவும் ஒரு சமூகம் பழகிய இடங்கள் இவை. டிபிசிஏ போன்ற அமைப்பின் குறிப்பேடுகள் விளையாட்டு ஆவணம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, எந்தக் கிளப்போடு ஆடலாம், யாரோடு ஆடக் கூடாது என்ற முடிவுகளில் அக்காலத் தமிழ்ச் சமூகத்தின் உள்ளமைப்பே தெரியும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளப் மரபு என்பது ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கத்தின் மரபு. தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்தவரோ தோட்டத்தில் பால் வெட்டியவரோ டிபிசிஏவின் டென்னிஸ் களத்தில் நின்றிருக்கப் போவதில்லை. அவர்களுக்குக் கிடைத்தது லயத்துக்கு முன்னால் இருந்த புல்வெளி. மாலையில் வெறுங்காலோடு காற்பந்து, சடுகுடு, திருவிழாக் காலத்தில் சிலம்பம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓட்டப்பந்தயமும் கயிறிழுப்பும். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தோட்டத்துக்குத் தோட்டம் அணிகள் இருந்தன. அவர்களுக்குக் குறிப்பேடு இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை, சட்டம் போட்ட புகைப்படமும் அரிது. மரபைக் காக்கிறோம் என்று சொல்லி எழுத்தில் இருப்பதை மட்டும் சேகரித்தால், நமக்குக் கிராணிமார்களின் வரலாறு மட்டும்தான் மிஞ்சும். பெரும்பான்மைத் தமிழரின் விளையாட்டு வாழ்வு வாய்மொழியில்தான் இருக்கிறது. அந்த வாய்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

பெயர்கள் எங்கிருந்து வந்தன

1966இல் மலேசியா முதன்முறையாக நாட்டின் சிறந்த விளையாட்டாளர்களைத் தேர்ந்து விருது வழங்கியது. ஆண்களில் எம். ஜெகதீசன். பெண்களில் எம். ராஜாமணி. இருவரும் தமிழர்கள். அவ்வாண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதற்கு முன்பே, 1962 ஜகார்த்தாவில் ஜெகதீசன் 200 மீட்டர் தங்கத்தை எடுத்திருந்தார். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் அவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதியில் அவர் ஓடிய 20.92 வினாடி, 2017 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, தேசியச் சாதனையாக நின்றது. அந்த ஆண்டு கைருல் ஹபிஸ் 20.90 வினாடியில் அதை முறியடித்தார்.

இரண்டு பெயரும் நம் வீடுகளில் இன்றும் பெருமையோடு சொல்லப்படுபவை. அவர்களுக்குப் பின்னால் இருந்த அமைப்பைத்தான் நாம் மறந்துவிட்டோம். பள்ளி விளையாட்டுப் போட்டி, மாவட்டம், மாநிலம், கிளப் என்று ஒரு படிக்கட்டு இருந்தது. ஒவ்வொரு படியிலும் சம்பளம் வாங்காத ஓர் ஆசிரியரோ கிராணியோ கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு நின்றிருந்தார். வீரரின் பதக்கம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. நேரம் குறித்தவரின் நோட்டுப் புத்தகம் பழைய காகிதக்காரரிடம் போகிறது. அந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் அந்தப் பதக்கம் எப்படி வந்தது என்பதை விளக்கவே முடியாது.

ஹாக்கியிலும் இதே கதைதான். 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா அரையிறுதிவரை போனது. ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் போன்றவர்கள் ஆடிய அந்த அணி, இந்தியாவுக்கு எதிராக இறுதிக் கட்டம்வரை முன்னிலையில் இருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3-2 என்று வென்று, இறுதியில் பாகிஸ்தானையும் வீழ்த்தியது. மலேசியா நான்காவது இடம் பெற்றது. உலகக் கிண்ண ஹாக்கியில் இன்றுவரை அதைவிட மேலான இடத்தை நாம் தொடவில்லை.

காற்பந்தில் 1972 மூனிக் ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன். 1980 ஏப்ரலில் மெர்டேகா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று ரசிகர்கள் அழைத்தார்கள். நாடு மாஸ்கோவைப் புறக்கணித்ததால் அந்த அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு 2010இல், கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என்று வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

ஆறுமுகத்தை இளந்தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது எந்த அருங்காட்சியகமும் அன்று. 2016இல் வந்த ‘ஓலா போலா’ திரைப்படம். இயக்குநர் சியூ கெங் குவான் 1980 அணியின் கதையைத் தழுவி எடுத்த அந்தப் படத்தில் முத்து என்ற கோல் காவலர் பாத்திரம் ஆறுமுகத்தை வைத்து உருவானது. தமிழ்நாட்டிலும் அப்படித்தான் நடந்தது. 2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகுதான் வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி நகரத்தின் மறுபாதி பேசத் தொடங்கியது. திரைப்படம் ஓர் அலையை எழுப்பும். அந்த அலையைக் கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே! வடசென்னையில் அந்தப் பயிற்சிக் கூடங்களைச் சேர்ந்த குடும்பங்களும் சில மூத்தவர்களும் இருந்தார்கள். பத்திரிகைகள் போய்ப் பேட்டி எடுத்தன. இங்கே ‘ஓலா போலா’ பார்த்துவிட்டு ஆறுமுகம் ஆடிய காலத்துத் தமிழ்க் காற்பந்தைப் பற்றித் தேடும் மாணவருக்கு, தமிழில் ஒழுங்கான ஒரு நூலைக் கையில் கொடுப்பது கடினம்.

அரங்கம் பிழைத்தது, திடல்கள் பிழைக்கவில்லை

மெர்டேகா அரங்கம் எப்படிப் பிழைத்தது என்பது கவனிக்க வேண்டிய கதை. பொதுப்பணித் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ் வடிவமைத்த அந்த அரங்கில் 1957 ஆகஸ்டு 31 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலையை அறிவித்தார். 1990களில் அந்த நிலத்தை மேம்படுத்தும் வணிகத் திட்டம் எழுந்தது. 1997-98 பொருளாதார நெருக்கடி அதைத் தடுத்தது. பிறகு 50ஆம் விடுதலை ஆண்டை ஒட்டி அரங்கத்தை 1957 தோற்றத்துக்கே மீட்டார்கள். தேசிய மரபுச் சின்னமானது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதுகளில் உயரிய விருதைப் பெற்றது. இன்று அதன் அருகே 118 மாடிக் கோபுரம் நின்றாலும் அரங்கம் நிற்கிறது.

அதைக் காத்தது விடுதலை நாளின் நினைவு. அங்கே ஆடிய ஆட்டங்களுக்காக மட்டும் அது காக்கப்பட்டிருக்குமா என்பது ஐயம்தான். விடுதலையும் பிரகடனமும் நடக்காத சிறு திடல்களுக்கு அந்தக் கவசம் இல்லை. சிலாங்கூர் கிளப்பின் பாடாங்கையே எடுத்துக்கொள்வோம். 1921 அக்டோபர் 1 அன்று முதல் மலாயாக் கிண்ண இறுதியாட்டம் அங்கே நடந்தது. சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. கோலாலம்பூரில் பிறந்து, 1932இல் லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் ஆடிய லால் சிங், பிற்காலத்தில் சிலாங்கூர் கிளப்பின் திடலைப் பராமரித்தார். இன்று அந்த இடத்தைத் தத்தாரான் மெர்டேகாவாக, கொடி இறங்கி ஏறிய இடமாக எல்லோரும் அறிவார்கள். ஆட்டக்களமாக அதை நினைப்பவர்கள் குறைவு.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பண்டகசாலை நிலம் கேஎல் சென்ட்ரல் ஆகி 2001இல் திறந்தது. ரயில்வே ஊழியர்களின் ‘நூறு குவாட்டர்ஸ்’ வீடுகள் 2010களில் இடிக்கப்பட்டன. வீடுகள் போனதைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அந்த வீடுகளின் நடுவில் பிள்ளைகள் ஆடிய இடத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. தோட்டங்களின் நிலை இன்னும் மோசம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கோவிலுக்காகப் போராடினார்கள், தமிழ்ப்பள்ளிக்காகப் போராடினார்கள். திடலுக்காகப் போராட யாருக்கும் தோன்றவில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வாகனங்களுக்கு இடையில், பந்தை உருட்டி வளர்ந்த பிள்ளைகளிடம் ஏன் உங்கள் தாத்தாக்களைப் போல ஓடவில்லை என்று கேட்பது நியாயமே அல்ல.

தேசிய லீக்கில் நம்மவர்களுக்கு ஒரு வழி திறக்க மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபா முயன்றது. அந்த அணி பெட்டாலிங் ஜெயா சிட்டியாகப் பெயர் மாறி 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. பணமில்லாமல் எந்த அணியும் நிற்காது என்பது தெரிந்ததுதான். ஆயினும் தனக்கென ஒரு திடலும் சுற்றுவட்டார ஆதரவும் உள்ள கிளப் எவ்வளவு உறுதியானது என்பதற்கு நூறாண்டு கடந்த டிபிசிஏ அருகிலேயே சான்றாக இருக்கிறது.

பங்சார்வாசிகள் ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டியிருக்கிறார்கள். மாநகராட்சியின் பங்சார் விளையாட்டு வளாகத்தைத் தனியார் மேம்பாட்டாளரைக் கொண்டு மாற்றியமைக்கும் திட்டம் 2015இல் வெளிவந்தபோது குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். வளாகம் இன்றும் பொதுமக்களின் நீச்சல் குளமாகவும் டென்னிஸ் களமாகவும் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் நிறைந்த, குரல் கேட்கப்படும் மக்கள். செந்தூலிலும் கிள்ளானிலும் அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு அந்தக் குரல் இல்லை. திடலைக் காப்பது பணக்காரப் பேட்டைகளுக்கு மட்டும் கைகூடும் சலுகையாகிவிடக் கூடாது.

அண்டை நாட்டில் செய்தது

சிங்கப்பூர் 2022 ஆகஸ்டில் தன் பாடாங்கைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. கட்டடத்தை அன்று, வெறும் புல்வெளியை. அந்நாட்டில் ஒரு திறந்தவெளி இந்தத் தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் இன்னொரு பாடம். 1942 பிப்ரவரியில் இந்திய வீரர்கள் ஜப்பானியர் முன் திரண்டு நின்று, இந்திய தேசிய ராணுவத்துக்கு வழி திறந்த இடம் அது. பல தலைமுறைக் காற்பந்தாட்டக்காரர்கள் பயின்றதும் அங்கேதான். அங்கே புதிய வீடுகள் கட்டத் திட்டமிட்டபோது, பழைய நீச்சல் வளாகத்தையும் குத்துச்சண்டைக் கூடத்தையும் திட்டத்துக்குள்ளேயே தக்கவைக்க வீடமைப்புக் கழகம் முன்வந்தது. வீடும் வரும், ஆட்டமும் தொடரும் என்ற ஏற்பாடு.

இங்கிலாந்தில் 2004 முதல் ‘பிளேய்ட் இன் பிரிட்டன்’ என்ற நூல்வரிசையில், சைமன் இங்லிஸ் முன்னின்று, நகரம் நகரமாகச் சிறு திடல்களையும் பழைய நீச்சல் குளங்களையும் பதிவு செய்தார்கள். ஸ்காட்லாந்தில் பழைய காற்பந்துப் படங்களைக் காட்டி மறதிநோய் வந்த முதியவர்களோடு உரையாடும் திட்டம் ஒன்று நடக்கிறது. மகள் பெயரை மறந்தவர்கூட 1950களின் ஆட்டத்தைச் சொல்லும்போது முகம் மலர்வதுண்டு. விளையாட்டு நினைவு மனிதரிடம் எவ்வளவு ஆழத்தில் தங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம்மிடம் தேசிய மரபுச் சட்டம் 2005 இருக்கிறது. அதன் கீழ் கட்டடம் மட்டுமல்ல, இடமும் பண்பாட்டு மரபும் பதிவாகலாம். டிபிசிஏ திடலும் கம்போங் பாருவின் சுல்தான் சுலைமான் கிளப்பும் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கோலாலம்பூரின் சமூக விளையாட்டு வரலாற்றுக்கான பகுதி என்று முன்மொழிந்தால், அது எந்த ஒரு சமூகத்தின் தனிக் கோரிக்கையாகவும் இருக்காது. கிலாட் திடலில் 1997 இறுதியாட்டத்தைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றை வைப்பதற்குப் பெரிய செலவில்லை. இந்நகரில் உழைக்கும் எண்ணற்ற வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு அது தரும் மகிழ்ச்சியையும் சேர்த்து எண்ணுங்கள்.

காகிதமும் குரலும்

திடலைக் காப்பது அரசின் கையிலும் மாநகராட்சியின் கையிலும் இருக்கிறது. காகிதத்தைக் காப்பது நம் கையில்தான். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரி 1 அன்று நின்றது. ஏறத்தாழ 95 ஆண்டு நாளிதழ். அதன் விளையாட்டுப் பக்கங்களில் தோட்டப்புறக் காற்பந்து முதல் தமிழ்ப்பள்ளிப் போட்டி வரை எத்தனையோ பெயர்கள் புதைந்திருக்கின்றன. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்னாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் காலத்து மலாயா டிரிபியூனையும் அங்கே படிக்கலாம். சிலாங்கூர் கிளப் ஆட்டங்களின் முடிவுகளை, யார் எத்தனை கோல் அடித்தார் என்பதுவரை, அதில் தேட முடிகிறது. மலேசியத் தமிழ் இதழ்களுக்கு அதே அளவில் ஓர் ஏற்பாடு வேண்டும்.

பங்சாரிலிருந்து பந்தாய்ப் பள்ளத்தாக்கை நோக்கிச் சில நிமிடம் போனால் மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. இலக்கியம், சமயம், மொழி பற்றி அங்கிருந்து எத்தனையோ ஆய்வேடுகள் வந்துள்ளன. பிரிக்பீல்ட்ஸின் ரயில்வேக் காற்பந்து, கிள்ளான் வட்டாரத் தோட்ட அணிகள், டிபிசிஏவின் நூறாண்டு, எல்.எல்.என். ஊழியர்களின் ஹாக்கி என்று ஆளுக்கொரு தலைப்பாக நான்கு மாணவர்கள் எடுத்துக்கொண்டால்கூட, இன்னும் பேசக்கூடிய நிலையில் இருக்கும் மூத்தவர்களின் குரல்களைப் பதிவு செய்துவிடலாம். இந்த வேலையைப் பத்தாண்டு தள்ளிப்போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. பெண்களிடமும் கேட்க வேண்டும். ராஜாமணி ஓடிய காலத்தில் தோட்டப் பள்ளிகளிலிருந்து ஓட வந்து, கல்யாணத்தோடு ஓட்டத்தை நிறுத்தியவர்கள் பலர். அவர்களின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ பெரியம்மாவோ ஆடியவராக இருந்தால், அலமாரியின் மேல் இருக்கும் பெட்டியை இந்த வாரமே இறக்குங்கள். குழுப்படத்தில் இருப்பவர்களின் பெயர், அணியின் பெயர், திடல், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை படத்தைக் கெடுக்கும். படத்தைக் கைப்பேசியில் எடுத்து, பெரியவரை அதைப் பார்த்துப் பேசச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ், ஓட்டப் பதிவேடு, சங்கக் குறிப்பேடு எதுவாக இருந்தாலும் பழைய காகிதக்காரருக்குப் போடாதீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பல்கலைக்கழக நூலகத்தையோ மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தையோ அணுகுங்கள். தனியார் வைத்திருக்கும் ஆவணங்களையும் காப்பகம் ஏற்றுக்கொள்கிறது.